தொண்ணூறு நாள் வலியை அரை மணியில் எழுதியவள்

ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. இந்தப் பத்தியை எழுதத் தொடங்கியதிலிருந்து இரண்டு முறை எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட ஊசி செய்கிற வேலை இது. மாதவிடாயை நிறுத்தி வைக்கும் ஊசி. இருபத்தொன்பது வயதில், மாதவிடாய் நிற்கிற வயதுக்காரி மாதிரி திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. படப்பையில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறை எட்டடி நீளம். அதில் நடந்தபடி யோசிக்கிறேன், உட்கார்ந்து இரண்டு வரி எழுதுகிறேன், மறுபடி நடக்கிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செல்வி. பிறந்த ஊர் மணிமங்கலம். ஒரகடம் பக்கம் கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடமாக வேலை. கடைசி நான்கு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவு. அதாவது, அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வீட்டிலும் அதையே சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்பது என் கணவர் முத்துவின் புகார். அவர் விளாத்திகுளத்துக்காரர், பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஷேர் ஆட்டோவில் பழகி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் எனக்கு வலது பக்கச் சினைப்பையில் கட்டி வந்து, அது முறுக்கிக்கொண்டது. அவசரமாக ஆபரேஷன் செய்து சினைப்பையையே எடுத்துவிட்டார்கள். கட்டி ஏன் வந்தது என்று அன்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கருமுட்டைகள் இருப்பது சினைப்பையில்தான். எனக்கு மிச்சம் இடது பக்கம் ஒன்றே ஒன்று. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. இங்கே நான் எழுதுவது எல்லாம் அந்த ஒன்று நிலைத்ததா, போனதா என்பதைப் பற்றித்தான்.

மாதத்தில் மூன்று நாள் வயிற்றுவலி என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு மூன்று நாள் பத்தானது, பத்து பதினைந்தானது. அடிவயிற்றைப் பிடித்து முறுக்கி, இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கும். கழிப்பறைக்குப் போனால் உயிர் போய்விட்டு வரும். முத்து ஆசையாகத் தொட்டாலும் வலி. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தூக்கம் வருகிறது என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டினேன். அவர் மனதில் என்ன ஓடியதோ, அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு டாக்டர் அல்சர் மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். குழந்தை வராததே இந்த நோயால்தான் என்று அவருக்கு யார் சொல்வது!

கடைசியில் என்னை இழுத்துப் போனது ரோஸ்லின். தொழிற்சாலை லைனில் எனக்குப் பக்கத்து மேசை. வலி வந்த நாட்களில் கேன்டீனில் வெந்நீர் பிடித்து, பாட்டிலில் ஊற்றி, இரண்டு கையுறைகளைச் சுற்றி என் மடியில் வைப்பாள். ஒருநாள் மூன்றாவது பாட்டிலோடு வந்து நின்றாள்.

"ஏய், இன்னாடி மூஞ்சி இப்படி வெளுத்துக்கீது? நீயா ஆஸ்பத்திரிக்குப் போறியா, இல்ல நான் தூக்கிகினு போவட்டா?"

"சும்மா வலிதான்டி."

"சும்மா வலியா? நாலு மாசமா உனக்கு வெந்நி வச்சிகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

குன்றத்தூர் போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனை, எங்கள் கம்பெனிக் காப்பீடு செல்லும் இடம். மகப்பேறும் மகளிர் நோயும் ஒரே காத்திருப்புக் கூடம். என்னைச் சுற்றி வயிற்றைப் பிடித்தபடி பெண்கள். அவர்கள் பிடித்திருந்ததற்கும் நான் பிடித்திருந்ததற்கும் காரணம் வேறு. ஸ்கேனுக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்துவிட்டு, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், சுவரில் டோக்கன் எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சிரிப்பு கிடையாது. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு எண்டோமெட்ரியோசிஸ் என்றார். என் முகத்தைப் பார்த்து, பேனாவை எடுத்துப் படம் போட்டார்.

"கர்ப்பப்பைக்கு உள்ள ஒரு படலம் மாசா மாசம் வளரும், அப்புறம் உதிரும். அதுதான் பீரியட்ஸ். அதே மாதிரிப் படலம் உங்களுக்கு வெளியவும் ஒட்டி வளருது. அதுலயும் ரத்தம் கசியும், ஆனா வெளிய போக வழியில்ல. சினைப்பைக்குள்ள தேங்கிப் பழுப்பாயிடும். அதான் இந்தக் கட்டி. நாலு சென்டிமீட்டர்."

"எனக்கு மட்டும் ஏன் மேடம்?"

"அதுக்கு முழு பதில் யார்கிட்டயும் இல்லம்மா. ஆனா அந்தப் படலம் ஏன் அடங்காம வளருதுன்னு கொஞ்சம் தெரியும். உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்கள்தான் இருக்கு. எந்த ஜீன் எங்க வேலை செய்யுது, எங்க சும்மா இருக்குங்கறதுலதான் வித்தியாசம்."

எனக்கு உடனே எங்கள் லைன் புரிந்தது. எங்களுக்கு எல்லா மேசையிலும் ஒரே தடித்த வேலைக் குறிப்புப் புத்தகம்தான் தொங்கும். என் மேசையில் என் பக்கம் திறந்திருக்கும், ரோஸ்லின் மேசையில் அவள் பக்கம். பக்கம் மாறிவிட்டால் ஆள் மாறாமலே பொருள் தப்பாகிவிடும். அதைச் சொன்னேன்.

"சரியாச் சொன்னீங்க. ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன், படலத்தை வளரவைக்கும். அதைத் தயாரிக்கற பக்கம் கர்ப்பப்பைப் படலத்துல மூடியிருக்கணும். உங்க கட்டியில அது திறந்து கிடக்கு. தனக்கு வேண்டிய எருவைத் தானே தயார் பண்ணிக்குது. புரோஜெஸ்டிரோன்னு இன்னொரு ஹார்மோன், 'போதும் நிறுத்து'ன்னு சொல்லும். நான் குடுக்கற மாத்திரை அந்த வகை. பெரும்பாலும் கேக்கும். சில பேருக்குக் கேக்காது."

"ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா?"

"சினைப்பையில கத்தி வைக்கற ஒவ்வொரு தடவையும் கட்டியோட நல்ல முட்டையும் கொஞ்சம் போகும். உங்களுக்கு இருக்கறது ஒண்ணு. மாத்திரை கேட்டா கத்தி வேணாம். கேக்கலைன்னா சீக்கிரம் பண்ணிடணும், கட்டி சினைப்பைய முழுங்கறதுக்குள்ள."

பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். தொண்ணூறு கட்டங்கள். தினமும் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண் எழுத வேண்டும்.

"மாத்திரை உங்க கட்டிக்குக் கேக்குதான்னு பாக்க எங்ககிட்ட ரத்தப் பரிசோதனை எதுவும் இல்ல. மூணு மாசத்துல ஸ்கேன்லயும் பெருசா ஒண்ணும் தெரியாது. இந்தத் தாள்தான் எனக்கு டெஸ்ட். ஒழுங்கா எழுதுங்க."

முதல் நான்கு நாள் ஒழுங்காக எழுதினேன். எட்டு, எட்டு, ஏழு, ஒன்பது. ஐந்தாம் நாள் ஷிஃப்ட் மாறியது. தாள் சாப்பாட்டுப் பையின் அடியில் போய் நான்காக மடிந்தது. மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை, தாளைத்தான் மறந்தேன். மறந்தேன் என்பதும் பொய். எழுத எடுத்தால் ஏழும் எட்டும்தான் எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே கூடம். என் டோக்கன் நாற்பத்து மூன்று, சுவரில் பத்தொன்பது. தாளைப் பிரித்தேன். நான்கு கட்டம் நிரம்பியிருந்தது, எண்பத்தாறு காலி.

இப்போது எங்கள் தொழிலின் அசிங்கத்தைச் சொல்ல வேண்டும். மணிக்கொரு முறை அளந்து எழுத வேண்டிய செக் ஷீட்டை, ஆடிட் வருகிற அன்று காலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவது எங்களுக்குப் புதிதல்ல. அதில் நான் கெட்டிக்காரி. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் மாட்டிக்கொள்வோம். நல்ல எண்களுக்கு நடுவே ஒரு கெட்ட எண் வேண்டும். ஒரே பேனாவில் எழுதக்கூடாது. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டும்.

"உங்க பேனாவக் குடுங்க" என்றேன் முத்துவிடம். ஒன்றும் கேட்காமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

எட்டு, ஏழு, ஏழு, ஆறு என்று இறக்கினேன். மாதவிடாய் வரவேண்டிய தேதிகளில் கொஞ்சம் ஏற்றினேன். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வேண்டுமென்றே எட்டு போட்டேன். கடைசி இரண்டு வாரம் இரண்டும் மூன்றுமாக முடித்தேன். அரை மணி நேரம். அந்தக் கடைசி இரண்டு வாரமும் நான் லைனில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால், பழகிய கை என்று பாதி சொல்வேன். மீதிப் பாதி பயம். மாத்திரை கேட்கவில்லை என்றால் கத்தி. இருக்கிற ஒன்றில் கத்தி.

டாக்டர் அம்மா தாளை நிதானமாகப் படித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, நடுவுல ஒரு கெட்ட நாளக்கூட விடாம எழுதியிருக்காங்க. பேஷன்ட் இப்படி எழுதினா நமக்கு வேலை சுலபம்." என்னிடம் திரும்பி, "மாத்திரை நல்லாக் கேக்குதும்மா, இன்னும் மூணு மாசம் தொடருங்க" என்றார்.

அட கடவுளே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது! அதுதான் அதிசயம். என் கையால் எழுதிய எண்ணை நானே நம்பினேன். டாக்டரே சொல்லிவிட்டாரே, குறையத் தொடங்கியிருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். முத்து அன்று பரோட்டா வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் முதுகில் வெட்டியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து நின்றுகொண்டேன்.

அடுத்த இரண்டரை மாதம் எப்படிப் போனது என்று எழுத இஷ்டமில்லை. கம்பெனி முதலுதவி அறையில் வலி மாத்திரை கேட்டுக் கேட்டு, அங்கிருந்த நர்ஸ் என்னைக் கண்டாலே டப்பாவைத் திறக்கிற நிலை. ஒரு வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸின் படியில் கால் வைத்தேன். கண் திறந்தபோது ரோஸ்லின் மடியில் கிடந்தேன். அவள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள், "ஆஸ்பத்திரிக்கு வுடுண்ணா, கம்பெனி எங்கயும் ஓடிப்போவாது!"

வார்டில் சேர்த்தார்கள். ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன். நாலு சென்டிமீட்டர் ஏழரை ஆகியிருந்தது. டாக்டர் அம்மா என் கோப்பைப் பிரித்து, அந்தத் தாளையும் ஸ்கேன் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"வலி எப்பலேந்து?"

"நேத்துலேந்துதான் மேடம்." வாய் தானாகச் சொன்னது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு இது பொருந்தல. மாத்திரை கேட்டு வலி குறைஞ்சவங்களுக்குக் கட்டி அப்படியே நிக்கணும், இல்ல சுருங்கணும். உங்களுக்கு ரெண்டு பங்கா வளர்ந்திருக்கு. சுவர்ல ஒரு இடம் தடிப்பாத் தெரியுது. ரத்தத்துல ஒரு அளவு கூடியிருக்கு. அது இந்த நோய்லயும் கூடும், புத்துநோய்லயும் கூடும், அத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா, இது நான் நினைச்ச நோயே இல்லையோன்னு சந்தேகமா இருக்கு. அப்படின்னா சினைப்பைய விட்டு வைக்கறது ஆபத்து. முழுசா எடுத்துடலாம். திங்கக்கிழமை."

கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தை நர்ஸ் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் கையில் இருந்த அளவுகளை வைத்துச் சரியாகத்தான் முடிவெடுத்திருந்தார். அளவுதான் என்னுடையது.

அன்று மாலை அம்மா மணிமங்கலத்திலிருந்து கேழ்வரகுக் கஞ்சியோடு வந்தார். வாசலில் காவலாளி விடவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்த வேகத்தில், என் தலையைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். "இன்னா ஆனாலும் நீ எனக்கு முழுசா வூட்டுக்கு வந்து சேரு, அது போதும்" என்றார். முழுசா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வராண்டாவுக்குப் போனேன். முத்து அங்கே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் தாள்ல இருந்ததெல்லாம் பொய்" என்றேன். "வலி கொறயவே இல்ல. ஒருநாள்கூட."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"பேனா குடுத்தது நான்தானட்டி. டீக்கடைக்கே போவல. தூணுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ எழுத எழுத எனக்கும் அது அப்படியே நடந்துட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினார். "ராத்திரி நீ பல்லக் கடிக்கது எனக்குக் கேக்காதா? கேட்டா ஆபரேஷன்னு சொல்லிருவாகளோன்னு நானும் தூங்குத மாதிரி கெடந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே அடித்திருப்பேன். அடிக்கத்தான் கையை ஓங்கினேன். ஆனால் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதிரே சக்கர நாற்காலியில் போன அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"வா, போய்ச் சொல்லிருவம்" என்றார்.

"அவங்க என்னை இன்னா நினைப்பாங்க?"

"என்ன வேணா நெனைக்கட்டும். ஏசுனா ஏசட்டும். ஒனக்கு இருக்கது ஒண்ணுதான."

வெளிநோயாளிகள் நேரம் முடிந்து டாக்டர் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். காத்திருப்புக் கூடம், இரண்டு பேனா, செவ்வாய்க்கிழமை எட்டு, எல்லாவற்றையும். முடித்ததும் டாக்டர் அம்மா கோப்பிலிருந்து தாளை எடுத்தார்.

"இத நான் வகுப்புல காட்டினேன்" என்றார்.

"மன்னிச்சிடுங்க மேடம்."

"உண்மையான எண் என்ன?"

"ஏழு, எட்டு. சில நாள் ஒன்பது. கடைசி மாசம் முழுக்க ஒன்பது."

அவர் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கைப்பையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ வேகவேகமாகப் பேசத் தொடங்கினார்.

"அப்ப கதையே வேற. மாத்திரை உங்களுக்குக் கேக்கவே இல்ல. புரோஜெஸ்டிரோன் சொல்றதக் கேக்கணும்னா செல்லுல அதுக்கு ஒரு காது வேணும். அந்தக் காதைச் செய்யறதும் ஒரு ஜீன்தான். இந்த நோய்ல சில பேருக்கு அந்த ஜீன் மேல சின்னச் சின்ன ரசாயனக் குறி ஒட்டிக்கும். எழுத்து மாறாது, நீங்க சொன்னீங்களே, அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டுத் திறக்காமப் போயிடும். நான் நிறுத்து நிறுத்துன்னு மாத்திரை அனுப்பறேன், உள்ள கேக்க ஆளில்ல. ஈஸ்ட்ரோஜன் பாட்டுக்கு வளத்துக்கிட்டே இருக்கு. அப்படிப்பட்ட கட்டி ஏழரை ஆகறதுல ஆச்சரியமே இல்ல."

"அப்ப புத்துநோய்?"

"இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தத் தடிப்பு இருக்கு. ஆனா முழுசா எடுக்கறதுக்கு எனக்கு இருந்த பெரிய காரணம் போயிடுச்சு. எம்.ஆர்.ஐ. எடுப்போம். சின்னத் துளை போட்டுக் கட்டியோட தோலை மட்டும் உரிக்கறேன். துண்டு வெட்டி அப்பவே லேபுக்கு அனுப்புவோம், நீங்க மயக்கத்துல இருக்கும்போதே பதில் வந்துடும். கெட்டதா இருந்தாத்தான் எடுப்பேன்." கதவருகே போய்த் திரும்பினார். "மூணு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா நாலு சென்டிமீட்டர்ல பண்ணியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருந்தபோது, எங்கள் லைனில் வயர் முனை அழுத்தும் மெஷின் போடுகிற அதே சத்தம். அசையக்கூடாது என்றார்கள். என் வாழ்க்கையில் இருபத்தைந்து நிமிடம் அசையாமல் இருந்தது அன்றுதான். நாலு, ஏழரை, நாலு, ஏழரை என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆபரேஷன் புதன்கிழமை காலை. மாற்றி எழுதிய படிவத்தில் நானும் முத்துவும் கையெழுத்துப் போட்டோம். ரோஸ்லின் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்று ஜெபம் செய்தாளாம். அம்மா அவளோடு சேர்ந்து நின்றாராம், எந்தச் சாமி என்று கேட்கவில்லையாம்.

கண் விழித்தபோது தொண்டை காய்ந்து, வயிறு கல்லாக இருந்தது. நர்ஸ் குனிந்து வலி எவ்வளவு என்று கேட்டார்.

"மொதல்ல சினைப்பை உள்ள கீதா, இல்லையா, அத சொல்லுங்க சிஸ்டர்."

"டாக்டர் வந்து சொல்லுவாங்க."

"நீங்க சொன்னா இன்னா?"

அவர் போர்வையை இழுத்துவிட்டு நகர்ந்தார். டாக்டர் அடுத்த ஆபரேஷனில் இருக்கிறார் என்றார்கள். ஒரு மணி நேரம். முத்துவை உள்ளே விட்டார்கள். அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. என் கட்டிலின் சக்கரத்தைக் காலால் பூட்டுவதும் திறப்பதுமாக நின்றார். நிறுத்துங்கள் என்று கத்தினேன். நிறுத்தினார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஆரம்பித்தார்.

டாக்டர் அம்மா தலையில் நீலத் தொப்பியோடு வந்தார். கையுறை கழற்றிய ஈரக் கையால் என் முழங்காலைத் தொட்டார்.

"லேப் பதில் வந்துடுச்சு. புத்துநோய் இல்ல. அந்தத் தடிப்பு உறைஞ்ச ரத்தம். விரிவான ரிப்போர்ட் பத்து நாள்ல வரும், அதுவும் சரியாத்தான் இருக்கும்னு நினைக்கறேன்."

"சினைப்பை மேடம்?"

"இருக்கு. பாதி நல்லா இருக்கு. மீதிப் பாதியக் கட்டி தின்னுடுச்சு."

முத்து கட்டில் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது, தையல் இழுத்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க அன்னிக்கு வந்து சொல்லலைன்னா, திங்கக்கிழமை நான் அத முழுசா எடுத்திருப்பேன்" என்றார். "எடுத்துட்டு, உங்க உயிரைக் காப்பாத்திட்டேன்னு நிம்மதியா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்."